இழை: டோபோகிராஃபிக் மேப்புக்குத் தமிழ் (வியாழனுக்குள்!)

*நடைக்காரி:*
சிங்கப்பூரில் புக்கிட் பாஞ்சாங் பக்கம் பழைய கம்பங்களை, அதாவது சிற்றூர்களை, தேடி ஒரு நடை. கையில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் அளவில், அதாவது 1:63,360, பழைய மேப். மேடு, ஓடை, பால்மரத் (ரப்பர்) தோட்டம், ஒற்றையடிப் பாதை எல்லாம் காட்டுகிற மேப்புக்கு ஒரு சொல் சொல்லுங்கள். முந்தைய கையேட்டில் 'நிலப்புறத் தோற்ற அமைப்பியல் சார் வரைபடம்' என்று போட்டு, தமிழ்ப் பத்தி மட்டும் கட்டத்துக்கு வெளியே தொங்கியது.

*யாழ் வாத்தியார்:*
இடவிளக்கப்படம். இலங்கையில அப்படித்தான் படிச்சனாங்கள். ஒரே உயரத்து இடங்களை இணைக்கிற சமவுயரக் கோடும் கூடவே வரும். புதுசா ஏன் தங்கச்சி?

*ஈசூன்வாசி:*
இடவிளக்கம் என்றால் எம்ஆர்டி ரயில் நிலையத்துப் பலகைதான் ஞாபகம் வருது சார்.

*பொருளதிகாரம்:*
திணைப்படம்! தொல்காப்பியர் முதற்பொருளில் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே வைத்தார். பழைய மேப்பும் அந்த இரண்டும்தானே? கிராஞ்சி ஆற்றுமுகத்தில் சதுப்பு என்று போட்டிருப்பான். 1970களில் அணை கட்டி, இன்று அது நீர்த்தேக்கம். நெய்தல் திரிந்து மருதமாயிற்று. திணைக்கு வேர் 'திண்'. திண்ணை, திண்மை, திணிவு...

*ஈசூன்வாசி:*
ஐயா, திணை என்றால் என் மாணவர்கள் தினைமாவு என்பார்கள்.

*தேக்கா அண்ணன்:*
தலப்படம் போடலாமே?

*பொருளதிகாரம்:*
தலம் வடசொல்.

*தேக்கா அண்ணன்:*
கம்பம் மட்டும் என்னவாம்? மலாய் கம்போங்கை நாமே கம்பமாக்கி, சிராங்கூன் ரோட்டுப் பக்கம் சுண்ணாம்புக் கம்பம் என்று பேரே வைத்துவிட்டோம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சரி, 'நிலக்கிடப்புப் படம்'?

*ஈசூன்வாசி:*
கிடப்பில் போட்ட படம் மாதிரி இருக்குண்ணே.

*பால்மரம்:*
ஒன்று சொல்லட்டுமா? அந்த மேப்பின் நகலை அப்பாவிடம் காட்டினேன். சின்ன வயதில் அங்கே பால் வெட்டியவர். வயது 84, ஆங்கிலம் வாசிக்க வராது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ரோட்டோரம் இருந்த மைல் எண்களை விரலால் எண்ணிக்கொண்டே போய், "இது பத்தாம் கட்டை" என்றார். மைல் என்ற சொல்லே வாயில் வரவில்லை. சமவுயரக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நெருங்கும் இடத்தில் விரல் நின்றது. "இங்கதான் சைக்கிள விட்டு எறங்கித் தள்ளுவோம். பால் வாளி அலம்பும்." கோட்டுக்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியாது, கோடு நெருங்கினால் ஏற்றம் என்று யாரும் சொல்லியும் கொடுக்கவில்லை. கையேட்டில் எழுத எனக்குச் சொல் கிடைத்துவிட்டது: மேடுபள்ளப் படம்.

*பொருளதிகாரம்:*
அது கலைச்சொல் அல்ல, வருணனை. ஓடையும் பாதையும் கல்லறையும் மேடா, பள்ளமா?

*யாழ் வாத்தியார்:*
அதுக்குத்தான் 'இடவிளக்கம்' எண்டு வைச்சது.

*நடைக்காரி:*
வாக்கு எண்ணிக்கை: மேடுபள்ளப் படம் 4, இடவிளக்கப்படம் 3, திணைப்படம் 1 (இரண்டு முறை வந்தது). தலைப்பில் மேடுபள்ளப் படம், உள்ளே ஒருமுறை இடவிளக்கப்படம். மைலை எடுத்துவிட்டுக் கட்டை போட்டிருக்கிறேன். அச்சுக்குப் போய்விட்டது. அப்பாவையும் அழைத்து வாருங்கள், பால்மரம் அண்ணா. சக்கர நாற்காலி போகும் வழிதான்.

*பொருளதிகாரம்:*
போகட்டும். 'மேடுபள்ளப்படம்' என்று சேர்த்து எழுதினீர்களா, பிரித்தா?