பந்தயப் படத்தின் கீழ் ‘வென்றவர்’ என்று எழுதலாமா?

ஈசிஆர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு அதிகாலையில் நடக்கும் சைக்கிள் பந்தயங்களைச் சில காலமாகப் படம் எடுத்து வருகிறேன். எங்கள் சைக்கிள் குழுவின் ஆண்டு விழாவில் ஒரு சிறு கண்காட்சி வைப்பதென்று முடிவாகி, அந்தப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஒரு சுவரில் நம்மூர்ப் பந்தயப் படங்கள் இருக்கும். எதிர்ச் சுவரில், புதிதாகச் சேர்ந்திருக்கும் இளைஞர்களுக்காக, பிரான்சில் ஆண்டுதோறும் பல நாள் நடக்கும் சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸின் 1996 முதல் இன்று வரையிலான வரலாறு இருக்கும். இரண்டு சுவர்களுக்கும் உங்கள் உதவி வேண்டும்.

முதலாவது, படம் பற்றியது. ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்கு மேல் வைத்தால் வண்டி நடுச்சாலையில் நிறுத்தி வைத்ததைப் போலத் தெரிகிறது. 1/30 நொடிக்குக் குறைத்துக் கேமராவை வண்டியோடு சேர்த்துத் திருப்பினால் ஓட்டுபவரின் முகம் உட்பட எல்லாமே கலங்கிவிடுகிறது. பின்னணியில் பிளெக்ஸ் பலகைகளும் தேநீர்க் கடைகளும் நிற்கும் வேன்களும் வந்து விழுவது தனித் தொல்லை.

இரண்டாவதுதான் என்னை அதிகம் குழப்புகிறது. வெற்றியாளர் பட்டியலைத் தயாரிக்க உட்கார்ந்தால், 1999 முதல் 2005 வரை ஏழு ஆண்டுகளுக்கு லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் பெயர் ஊக்கமருந்துக் குற்றத்துக்காக நீக்கப்பட்டு அந்த இடங்கள் காலியாகவே விடப்பட்டிருக்கின்றன. ஆனால் 2006இல் பிளாயிட் லாண்டிஸிடமிருந்து பறிக்கப்பட்ட பட்டம் ஆஸ்கார் பெரெய்ரோவுக்கும், 2010இல் ஆல்பெர்டோ கோண்டடோரிடமிருந்து பறிக்கப்பட்டது ஆண்டி ஷ்லெக்குக்கும் கொடுக்கப்பட்டிருக்கின்றன. 1996இல் வென்ற பியார்னே ரீஸோ, சிவப்பணுக்களைப் பெருக்கும் ஊக்கமருந்தான ஈபிஓவைத் தாம் பயன்படுத்தியதாக 2007இல் தாமே ஒப்புக்கொண்ட பின்னரும் பட்டியலில் நீடிக்கிறார். ஒரே வகைத் தவறுக்கு மூன்று வகைத் தீர்வுகள் எப்படி வந்தன? இதில் சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யூசிஐக்கு உள்ள பங்கு என்ன? படங்களின் கீழே நான் எதை எழுதுவது?

மூன்றாம்கியர்:

படம் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 11 மீட்டர் நகர்கிறது. 1/500 நொடியில் அது 2 சென்டிமீட்டர் அளவுதான் நகரும் என்பதால் உங்களுக்கு உறைந்த படம் கிடைக்கிறது. 1/30 நொடியிலோ ஏறத்தாழ 37 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும் என்பதால், உங்கள் கை அதே வேகத்தில் திரும்பாவிட்டால் எதுவும் தேறாது. 1/125இல் தொடங்கி, கை பழகப் பழக 1/60க்கு இறங்குவதே நல்லது. கால்கள் மேலும் கீழும் இயங்குவதால் அவை எப்படியும் கலங்கத்தான் செய்யும். முகமும் தோளும் வண்டியின் சட்டமும் தெளிவாக இருந்தால் அதுவே நல்ல பானிங் படம், அதாவது வண்டியோடு கேமராவைத் திருப்பி எடுக்கும் படம்.

நிற்கும் இடம் அதைவிட முக்கியம். வண்டி உங்களைச் சரியாகக் குறுக்கே கடக்கும் புள்ளியில்தான் உங்களுக்கும் அதற்கும் இடையிலான தூரம் சிறிது நேரம் மாறாமல் இருக்கும். அந்தப் புள்ளியை நோக்கிப் பாதங்களை ஊன்றிவிட்டு, வண்டி வரும் திசைக்கு இடுப்பை மட்டும் திருப்பிக் காத்திருங்கள். அது நெருங்கும்போது உடல் தானாகவே இயல்பு நிலைக்குத் திரும்பி வரும். பொத்தானை அழுத்திய பிறகும் கேமரா திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தியவுடன் கையை நிறுத்துவதுதான் பெரும்பாலான படங்களைக் கெடுக்கிறது. லென்ஸில் பானிங்குக்கென்று தனி நிலைப்படுத்தும் முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அது மேல்கீழ் நடுக்கத்தை மட்டும் கட்டுப்படுத்திவிட்டு, பக்கவாட்டு அசைவை உங்கள் போக்குக்கு விட்டுவிடும்.

நம் சாலைக்கு ஒரு வசதி உண்டு. கதிரவன் கடல் பக்கமிருந்து எழுகிறது, மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் வண்டிகளும் கடல் பக்க வழித்தடத்திலேயே செல்கின்றன. ஆகவே கடல் பக்க ஓரத்தில் நின்றால், முதுகுக்குப் பின்னால் வரும் வெளிச்சம் பந்தயக்காரர்கள் மேல் நேராக விழும். முட்டுக்காட்டுப் பாலத்தை ஒட்டிய பகுதியில் பின்னணி முழுவதும் உப்பங்கழியின் நீராக இருப்பதால் பிளெக்ஸ் பலகைத் தொல்லையும் இல்லை. குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை நேராக இந்த ஊர்க் காற்றுக்குள் கொண்டுவந்தால் லென்ஸ் உடனே பனித்துவிடும். முந்தைய இரவே அதைப் பையோடு வெளி அறையில் வைத்துவிடுங்கள். உப்புக் காற்றைக் கருதி முன்பக்கம் ஒரு கண்ணாடி வடிப்பான் போட்டுவைப்பதும் நல்லது.

இன்னொன்று, தயவுசெய்து ஓரக் கோட்டைத் தாண்டாதீர்கள். 1994 டூரில், அர்மாந்தியேர் நகரின் முடிவுக்கோட்டருகே படம் எடுக்க முற்பட்ட ஒரு காவலர்மீது வில்பிரீட் நெலிசன் மோத, லோரான் ஜலபேரும் சேர்ந்து விழுந்து படுகாயம் அடைந்தார். 1999இல் ஆல்ப் துவே மலையில் தனியாக முன்னேறிக்கொண்டிருந்த ஜியுசெப்பே குவெரினி, படம் எடுக்க வழியில் வந்து நின்ற ஓர் இளைஞர்மீது மோதிக் கீழே விழுந்தார். குவெரினி எழுந்து ஏறிச்சென்று அந்தக் கட்டத்தை (அந்த ஒரு நாள் பந்தயத்தை) வென்றது அவருடைய நல்லூழ். வ்யூஃபைண்டருக்குள் பார்க்கும்போது வண்டி தொலைவில் இருப்பதாகவே தோன்றும்.

கோப்புக்காரர்:

இரண்டாவது கேள்விக்கு என் பதில் கொஞ்சம் நீளமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வகைத் தீர்வுகள் என்று நீங்கள் சொல்வது சரி, ஆனால் அவற்றுக்குக் காரணங்கள் உள்ளன. ரீஸ் ஒப்புக்கொண்டபோது, நடவடிக்கை எடுப்பதற்கு அன்றைய விதிகள் அனுமதித்த எட்டு ஆண்டுக் காலவரம்பு முடிந்துபோயிருந்தது. ஆம்ஸ்ட்ராங் விஷயத்திலும் அந்த வரம்பு குறுக்கே நின்றிருக்கும். ஆனால் அவர் உண்மையைத் திட்டமிட்டு மறைத்ததால் அந்த வரம்பின் பாதுகாப்பு அவருக்குக் கிடையாது என்று அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான யூசாடா வாதிட்டு, 1998 ஆகஸ்ட் 1 முதலான எல்லா முடிவுகளையும் ரத்து செய்தது. 2012 அக்டோபரில் யூசிஐ அதை ஏற்றுக்கொண்டது. அந்த ஏழு பட்டங்களை அடுத்தவருக்குக் கொடுக்காததற்குக் காரணம், அந்த ஆண்டுகளில் அவருக்கு அடுத்தபடியாக வந்தவர்களில் பலரும் ஏதேனும் ஓர் ஊக்கமருந்து விவகாரத்தில் சிக்கியவர்களாக இருந்ததே. 1998இல் வென்ற மார்கோ பாந்தானியின் நிலை வேறு. அவருடைய பழைய மாதிரிகளில் ஈபிஓ இருந்ததென்று 2013இல் பிரெஞ்சு செனட் அறிக்கை வெளிப்படுத்தியது. ஆனால் அது ஆய்வுக்காகச் செய்யப்பட்ட மறுசோதனை என்பதால் தண்டனைக்கு அடிப்படையாகவில்லை. அவரோ 2004இலேயே இறந்துவிட்டார். பெயர் பட்டியலில் நிற்கிறது.

ஆகவே அந்தப் பட்டியலைச் சட்டத்தால் எட்ட முடிந்த தூரத்தின் பதிவு என்று கொள்ளுங்கள். நேர்மையாக ஓட்டியவர்களின் பதிவு என்று கொண்டால் குழப்பமே மிஞ்சும்.

யூசிஐயின் பங்கைப் பற்றிப் பேசினால், அடிப்படைக் கோளாறு இதுதான்: ஒரே அமைப்பு இந்த விளையாட்டை உலகெங்கும் விற்கவும் வேண்டியிருந்தது, அதன் நட்சத்திரங்களைச் சோதித்துப் பிடிக்கவும் வேண்டியிருந்தது. மாமனாரே நீதிபதியாக அமர்ந்து மருமகனை விசாரித்தால் தீர்ப்பு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. 1999 டூரில் ஆம்ஸ்ட்ராங்கின் மாதிரியில் தடைப்பட்டியலில் இருந்த கார்டிகோஸ்டீராய்டு காணப்பட்டபோது, முந்தைய தேதியிட்டுப் பிறகு எழுதப்பட்ட ஒரு மருந்துச்சீட்டை யூசிஐ தன்னுடைய விதிக்கே மாறாக ஏற்றுக்கொண்டது. பின்னர் அவரிடமிருந்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் நன்கொடையும் பெற்றது. டிக் மார்ட்டி தலைமையிலான தனி ஆணையம் 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, லஞ்சத்துக்கு ஆதாரம் இல்லை என்றும், ஆனால் அவருக்குத் தனிச்சலுகை காட்டப்பட்டது என்றும் சொன்னது. என் பார்வையில் லஞ்சத்தைவிட இது மோசமானது. லஞ்சத்துக்கு ஒரு குற்றவாளியாவது இருப்பார், இங்கே வழக்கமே அப்படி இருந்தது.

இதற்கு எதிர்ச்சான்று ஒன்று 2008இல் கிடைத்தது. டூரை நடத்தும் நிறுவனத்துக்கும் யூசிஐக்கும் இடையிலான தகராறால், அந்த ஆண்டுப் பந்தயம் பிரெஞ்சு சம்மேளனத்தின் கீழ் நடந்து, சோதனைகளைப் பிரெஞ்சு முகமை மேற்கொண்டது. ஈபிஓவின் புதிய வடிவமான சேராவைப் பயன்படுத்திய ரிக்கார்டோ ரிக்கோ பந்தயத்தின் நடுவிலேயே சிக்கினார். அதே மாதிரிகளை அக்டோபருக்குள் மறுசோதனை செய்ததில், மூன்றாம் இடத்தையும் சிறந்த மலையேற்ற வீரருக்கான சட்டையையும் வென்ற பெர்ன்ஹார்ட் கோல் பிடிபட்டார். சோதிப்பவர் மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

யூசிஐயின் நல்ல பணிகளையும் சொல்லத்தான் வேண்டும். இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டினால் இரண்டு வாரம் ஓய்வு என்ற 1997ஆம் ஆண்டு விதி, ஈபிஓவுக்குச் சோதனையே இல்லாத காலத்தின் அரைகுறைத் தடுப்பு. 49 வரை ஏற்றிக்கொள்ளலாம் என்றே பலர் அதைப் புரிந்துகொண்டனர். 2008இல் வந்த உயிரியல் கடவுச்சீட்டோ, மருந்தைத் தேடாமல், ஒருவருடைய இரத்த அளவுகள் காலப்போக்கில் இயல்புக்கு மாறாக அசைகின்றனவா என்று பார்க்கிறது. அதை உலகிலேயே முதலில் முழு அளவில் நடைமுறைப்படுத்திய விளையாட்டு சைக்கிள்தான். 2021 முதல் சோதனைப் பணி முழுவதும் லோசானில் உள்ள சர்வதேசச் சோதனை முகமையிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. செலவை இன்றும் சைக்கிள் துறையே ஏற்கிறது என்பதால் என் ஐயம் முழுவதும் தீர்ந்துவிடவில்லை.

படக்குறிப்புக்கு வருகிறேன். உங்கள் கேமரா பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ‘முடிவுக்கோட்டை முதலில் கடக்கிறார்’ என்பது எக்காலத்திலும் பொய்யாகாது. ‘வென்றார்’ என்பது நடுவர் குழுவும் ஆய்வகமும் சேர்ந்து சொல்ல வேண்டியது, சில நேரம் பத்தாண்டு கழித்துத் திருத்தப்படுவதும் உண்டு. 2001இல் ஆல்ப் துவேயில் ஆம்ஸ்ட்ராங் திரும்பித் தம் முக்கியப் போட்டியாளர் யான் உல்ரிச்சைப் பார்க்கும் காட்சியைச் சுவரில் வைத்தால், இடம், நாள், இருவர் பெயர், நடந்த செயல் ஆகியவற்றை முதல் வரியில் எழுதிவிட்டு, பின்னர் வந்த தீர்ப்பை அடுத்த வரியில் அதற்குரிய ஆண்டோடு சேருங்கள். படத்தை எடுத்துவிடாதீர்கள். அந்த நாள் அப்படித்தான் நடந்தது.

அம்பத்தூர்ஹெர்குலிஸ்:

கோப்புக்காரர் ஐயா சொன்னதில் பிழை இல்லை, ஆனால் சுவர் முழுவதும் குற்றப்பட்டியலாகிவிடும் என்பது என் கவலை. முதல் கார்பன் சைக்கிளை இப்போதுதான் வாங்கிய பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, எல்லோரும் திருடர்கள் என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

கிறிஸ்தோப் பாசோனுக்கு ஓர் இடம் கொடுங்கள். 1999 டூரில் ஓட்டிக்கொண்டே நாளிதழில் ஊக்கமருந்தைப் பற்றி வெளிப்படையாக எழுதியவர் அவர். சக வீரர்கள் அவரை ஒதுக்கினார்கள், ஆம்ஸ்ட்ராங் ஓடும் பந்தயத்திலேயே அவரைக் கண்டித்தார், கடைசியில் அவர் பாதியில் வெளியேற நேர்ந்தது. பிலிப்போ சிமியோனிக்கும் ஓர் இடம் கொடுங்கள். ஆம்ஸ்ட்ராங்கின் மருத்துவரான மிக்கேலே பெராரிக்கு எதிராகச் சாட்சி சொன்ன அவர், 2004 டூரின் 18ஆம் கட்டத்தில் முன்னே சென்றபோது, மொத்தப் பந்தயத்தில் முன்னணியில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டை அணிந்த ஆம்ஸ்ட்ராங்கே விரட்டிப் பிடித்து, அவர் மறுபடி பின்கூட்டத்துக்குத் திரும்பும்படி செய்தார். வாயை மூடிக்கொள் என்பதுபோல உதட்டின் மேல் விரலை இழுத்துக் காட்டியதும் அன்று கேமராவில் பதிவானது. எந்த ஆய்வகமும் கண்டுபிடிக்காததை அன்று ஒளிப்படக்காரர்கள் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் வைத்திருந்தார்கள். யாரும் அதைப் படிக்க விரும்பவில்லை, அவ்வளவுதான்.

ஈசிஆர்வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. சிமியோனியின் கதையை எதிர்ச் சுவரின் நடுவில் வைப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். ஒரு துணைக்கேள்வி: நம்மூர்ப் பந்தயப் படங்களுக்கும் இதே எச்சரிக்கை தேவையா? பரிசுத்தொகை உள்ள பந்தயங்களில் ஒருவர் திடீரென்று மிக வேகமாக ஓட்டினால், உடனே வாட்ஸ்அப் குழுக்களில் பேச்சு கிளம்பிவிடுகிறது. சிலர் என் படங்களையே அதற்கு ஆதாரமாகப் பகிர்கிறார்கள்.

கோப்புக்காரர்:

தேவை, ஆனால் வேறு காரணத்துக்காக. ஆயிரக்கணக்கில் மாதிரிகளைச் சோதிக்கும் நாடுகளுள் இந்தியாவில் ஊக்கமருந்து கண்டறியப்பட்ட மாதிரிகளின் விகிதம் மிக உயர்ந்ததாக இருந்ததை உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 2022, 2023ஆம் ஆண்டுப் புள்ளிவிவரங்கள் காட்டின. எனவே சந்தேகம் எழுவதில் வியப்பில்லை. ஆனால் சந்தேகத்தைத் தீர்க்கும் அதிகாரம் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவுக்கு இருக்கிறது. உங்கள் படத்துக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ அது இல்லை. புதிய சக்கரமும் முறையான பயிற்சியும் கூட ஒருவரை வேகமாக்கும்.

எனவே இரண்டு செயல்களைப் பரிந்துரைக்கிறேன். எண்ணட்டை தெரியும் படங்களை முழு அளவில் பொதுவெளியில் விடாமல், பந்தயக்காரர்களுக்குத் தனியாக அனுப்புங்கள். கண்காட்சியில், அமைப்பாளர்கள் எழுத்தில் அறிவித்த முடிவையும் அறிவித்த தேதியையும் குறிப்பிட்டு, ‘அமைப்பாளர் அறிவிப்பின்படி முதலிடம்’ என்று எழுதுங்கள். நூலிழையில் முடிந்த பந்தயமாக இருந்தால் உங்கள் படத்தை வைத்து யார் முன்னால் என்று தீர்மானிக்க வேண்டாம். 2017 டூரின் ஏழாம் கட்டத்தில் மார்செல் கிட்டலுக்கும் எட்வால்ட் போசன் ஹாகனுக்கும் இடையே இருந்த வேறுபாடு 6 மில்லிமீட்டர். முடிவுக்கோட்டை மட்டுமே தொடர்ந்து பதிவு செய்யும் தனிக்கேமரா, முன்டயரின் விளிம்பை வைத்து அதைச் சொன்னது. சாய்கோணத்தில் நின்று எடுத்த எந்தப் படத்திலும் உங்களுக்கு அருகில் இருப்பவர் முன்னால் இருப்பதாகவோ பின்னால் இருப்பதாகவோ தோன்றும்; அது நீங்கள் நின்ற இடத்தைப் பொறுத்தது.