கையை விட்டுப் போன ஹீலியம் பலூன் எவ்வளவு தூரம் போகும்? கோவையிலிருந்து சிங்கப்பூர் போகுமா?

மொட்டைமாடி_கோவை
போன ஞாயிறு பையனுக்கு ஏழு வயது முடிந்தது. கேக் வெட்டிவிட்டு எல்லோரும் மொட்டைமாடியில் பேசிக்கொண்டிருந்தோம், இவன் மட்டும் ஓரமாக உட்கார்ந்து ஹீலியம் பலூனில் எதையோ கட்டிக்கொண்டிருந்தான், நான் கவனிக்கவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் அத்தைக்குக் கடிதமாம். நோட்டில் கிழித்த தாளில் நாலு வரி, கீழே என் போன் நம்பர். "விட்டுட்டேன்பா" என்று வந்து சொன்னபோது பலூன் எதிர்வீட்டுத் தென்னையைத் தாண்டி கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து தினமும் காலையில் "அத்தை போன் பண்ணாங்களா?" தங்கையிடம் சொல்லி, வந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்ல வைக்கலாம். ஆனால் இவன் அடுத்து போட்டோ கேட்பான். அதனால்தான் கேட்கிறேன், இப்படி விட்ட பலூன் நிஜமாகவே எவ்வளவு தூரம் போகும்? ஐம்பது கிலோமீட்டரா, ஆயிரமா? இங்கே ஆடிக் காற்று வேறு பேயாக அடிக்கிறது.

பாதி_விஞ்ஞானி
ரப்பர் பலூன் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஒரு லிட்டர் ஹீலியம் தோராயமாக ஒரு கிராம் எடையைத் தூக்கும். சாதாரண பிறந்தநாள் பலூனில் பதினான்கு லிட்டர் பிடிக்கும், பலூனின் எடை மூன்று கிராம், கடிதம் ஒன்றிரண்டு கிராம் இருக்கும், மிச்சமெல்லாம் மேலே இழுக்கும் விசை. விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் ஏறுகிறது என்றால் ஒரு மணி நேரத்தில் ஏழு கிலோமீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் தரையில் இருப்பதில் பாதிகூட இல்லை, பலூன் உப்பிக்கொண்டே போகும், குளிரில் ரப்பரும் விறைத்துவிடும், எட்டு கிலோமீட்டர் வாக்கில் வெடித்துவிடும். ஆக அதன் ஆயுளே ஒரு மணி நேரம் சொச்சம்தான்.

இனி காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று இந்த மாதங்களில் உங்கள் ஊரில் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது மேலே வரை அப்படியே இருக்காது. ஏறக்குறைய ஆறு கிலோமீட்டருக்கு மேல் திசையே மாறிவிடும், அங்கே கிழக்கிலிருந்து மேற்காக அடிக்கும், பதினான்கு பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் அது பெரிய ஜெட் காற்று. அதாவது உங்கள் பலூன் முதலில் கிழக்கே போயிருக்கும், அப்புறம் கொஞ்சம் திரும்பி வந்திருக்கும். மணிக்கு 36 கிலோமீட்டர் என்று வைத்தால் முப்பது, நாற்பது கிலோமீட்டர். பல்லடம், காங்கேயம் பக்கம் தேடுங்கள். சிங்கப்பூர் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், அதை மறந்துவிடுங்கள்.

ராந்தல்
கணக்கு சரி, ஆனால் அவ்வளவு உறுதியாகச் சொல்லாதீர்கள். முடிச்சில் லேசாகக் கசிந்தால் பலூன் வெடிக்கிற உயரத்துக்கே போகாது, கீழடுக்குக் காற்றிலேயே மணிக்கணக்காக மிதக்கும். அதே 36 கிலோமீட்டர் வேகத்தில் பத்து மணி நேரம் மிதந்தால் 360, நாகப்பட்டினம் தாண்டிக் கடல். 2001-ல் இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் பக்கத்துச் சிறுமி ஒருத்தி பெயரும் முகவரியும் கட்டி விட்ட பலூன் 140 மைல் தெற்கே வில்ட்ஷயரில் போய் இறங்கியது. எடுத்தவர் பார்த்தால், பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயரும் அதேதான், வயதும் பத்தை ஒட்டித்தான்! இதைப் பையனிடம் சொல்லுங்கள், பல்லடம் கதையைவிட நன்றாக இருக்கும்.

மொட்டைமாடி_கோவை
மன்னிக்கவும், சொல்ல விட்டுவிட்டேன், ரப்பர் பலூன் இல்லை. வெள்ளி நிறத்தில் 7 வடிவத்தில் வருமே, அந்த ஃபாயில் பலூன்.

குட்டி_ஆன்டெனா
அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! ஃபாயில் என்றால் கதையே வேறு. நான் ஹாம் ரேடியோ ஆள், அதாவது பொழுதுபோக்காக ரேடியோ சிக்னல் அனுப்பிப் பெறுகிறவன், நாங்கள் விடும் சின்னப் பலூன்களும் கிட்டத்தட்ட இந்தச் சரக்குதான். உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. கடையில் நிரப்பித் தந்தபோது பலூன் விறைப்பாக இருந்ததா, தொளதொளவென்று இருந்ததா?

ஏன் கேட்கிறேன் என்றால், ஃபாயில் ரப்பர் மாதிரி விரியாது. விறைப்பாக நிரப்பியிருந்தால் மேலே போகப் போக உள்ளே இருக்கும் வாயுவுக்கு இடம் போதாமல் ஒட்டு பிரிந்துவிடும், ரப்பர் போகும் உயரத்தைக்கூட அது எட்டாது. ஆனால் கால் பங்கு மட்டும் நிரப்பி, சுமையைத் தூக்கியது போக இரண்டொரு கிராம் விசை மிச்சம் இருக்கும்படி விட்டால், மெதுவாக ஏறி, எந்த உயரத்தில் முழுசாக உப்புகிறதோ அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேல் ஏறவும் ஏறாது, வெடிக்கவும் வெடிக்காது. ஃபாயிலில் ஹீலியம் அவ்வளவு எளிதில் கசியாது, அதனால் நாள் கணக்கில், வாரக் கணக்கில் போகும். கேட்பதற்குத் தலைகீழாக இருக்கும், ஆனால் இதுதான் உண்மை: தூரம் போக வேண்டுமானால் கேஸைக் குறைக்க வேண்டும்.

அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்து ஹாம் குழு ஒன்று 2022 அக்டோபரில் இப்படி ஒன்றை விட்டது. வெள்ளி நிறப் பார்ட்டி பலூன், அடியில் சில கிராம் எடையில் சூரியத் தகடும் டிரான்ஸ்மிட்டரும், உயரம் பன்னிரண்டு கிலோமீட்டர் வாக்கில். நான்கு மாதம் பறந்து பூமியை ஆறு முறை சுற்றி முடித்து ஏழாவது சுற்றில் இருந்தது, 2023 பிப்ரவரி 10-ஆம் தேதி அலாஸ்கா பக்கம் கடைசி சிக்னல். மறுநாள் கனடாவின் யூகான் பகுதிக்கு மேலே அமெரிக்கப் போர் விமானம் எதையோ சுட்டு வீழ்த்தியது. அது இந்தப் பலூன்தான் என்று யாரும் உறுதி செய்யவில்லை, ஆனால் எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் ஒரு மாதிரி சிரித்துக்கொண்டோம். சில டாலர் பலூனுக்கு ஏவுகணை!

கண்டிச்சீமை
எங்கட இலங்கைப் பக்கம் ஒன்று உண்மையாகவே வந்து விழுந்தது. 2016 பிப்ரவரியில் கம்பளையில் தேயிலைத் தோட்டத்துக்குள் கூகுளின் லூன் பலூன். இணையம் கொடுக்கிற பலூன், தென் அமெரிக்காவிலிருந்து விட்டது. அதற்கு மோட்டார், சுக்கான் ஒன்றும் கிடையாது. மேலே பாதி விஞ்ஞானி சொன்ன அதே விஷயத்தை வைத்துத்தான் ஓட்டினார்கள்: ஒவ்வொரு உயரத்திலும் காற்று ஒவ்வொரு திசை, போக வேண்டிய திசைக்கு எந்த அடுக்கு போகுதோ அதற்கு ஏறி இறங்குவது. ஆகவே தம்பி சிங்கப்பூருக்குக் கடிதம் அனுப்பக் கேட்டது முழுக்கப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல ஏலாது, ஏறி இறங்கத் தெரிந்த பலூன் இல்லை என்பதுதான் குறை.

லைன்மேன்_மகன்
எல்லோரும் தூரத்தையே பேசுகிறீர்கள். ஃபாயிலில் உலோகப் பூச்சு இருக்கிறது, மின்கம்பியில் பட்டால் ஷார்ட் ஆகி ஏரியாவே இருட்டாகிவிடும். கலிபோர்னியாவில் எடை கட்டாமல் இதை விற்கவே கூடாது. கடலில் விழுந்தால் அது வேறு தொல்லை. கடல் பறவைகளை ஆராய்ந்து 2019-ல் ஆஸ்திரேலியாவில் வந்த ஆய்வு ஒன்று, கடினமான பிளாஸ்டிக் துண்டை விழுங்கிய பறவையைவிட பலூன் துண்டை விழுங்கியது சாக 32 மடங்கு வாய்ப்பு அதிகம் என்றது. புளோரிடாவில் 2024 ஜூலையிலிருந்து வேண்டுமென்றே பலூன் விடுவது குற்றம். பையனைத் திட்டச் சொல்லவில்லை, அடுத்த வருஷம் பலூனில் ஒரு கல்லைக் கட்டிக் கொடுங்கள்.

இன்னொன்று, திருவிழாவில் வாங்கும் கேஸ் பலூன் பல இடங்களில் ஹீலியமே இல்லை, ஹைட்ரஜன். மெழுகுவத்தி பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

மொட்டைமாடி_கோவை
கடைக்காரரிடம் கேட்டேன். "சார், நாங்க கஞ்சத்தனம் பண்ண மாட்டோம், கல்லு மாதிரி அடிச்சுத்தான் குடுப்போம்" என்றார். ஆகக் காங்கேயமே அதிகம் போலிருக்கிறது. பையனிடம் சொன்னேன், காற்று மேலே போய்த் திரும்பிவிடும் என்பதை அவன் ஒத்துக்கொண்டான், அத்தைக்குக் கிடைக்காது என்பதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. லைன்மேன் மகன் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு பயம், தாளில் இருப்பது என் நம்பர். சூலூர், பல்லடம் பக்கம் யாராவது கம்பியிலோ முள்ளுக்காட்டிலோ ஒரு வெள்ளி 7 பார்த்தால் இங்கே சொல்லுங்கள். தாள் "அன்புள்ள அத்தை" என்று ஆரம்பிக்கும், அத்தைக்கு ஒற்று போட்டிருக்க மாட்டான்.