மறு: டிப்ரைட்மென்ட் – தமிழில் என்ன? (அவசரம்)

கொன்றை எழுதியது:

அன்பின் குழுவினருக்கு,

புண் ஆறுவது பற்றிய ஓர் ஆய்வில் சேருகிறவர்களுக்கான தகவல் தாளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நாளை மறுநாள் அனுப்பியாக வேண்டும். இதே தொகுப்பில் இருந்த குழந்தை நடத்தைத் தாளும், அலுவலக மேசை நாற்காலி உயரம் பற்றிய பணிச்சூழலியல் தாளும் முடிந்துவிட்டன. இதில்தான் மாட்டிக்கொண்டேன்.

டிப்ரைட்மென்ட் என்பது ஆறாத புண்ணில் மஞ்சளாக ஒட்டியிருக்கும் கசடையும் கறுத்துக் காய்ந்த செத்த சதையையும் அகற்றுவது. ஆய்வில் இரண்டு குழு. ஒன்றுக்கு மருத்துவர் கத்தியும் கத்தரிக்கோலும் கொண்டு எடுப்பார். மற்றதற்கு ஜெல் தடவி ஈரம் காயாமல் மூடிவிடுவார்கள். உடம்பின் நொதிகளே செத்ததைக் கரைத்துவிடும். இரண்டுக்கும் இதே சொல்தான். படித்துக் கையெழுத்துப் போடப்போகிறவர் நோயாளி என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போதைக்கு ‘புண் துப்புரவு’ என்று போட்டிருக்கிறேன்.

நொச்சி எழுதியது:

துப்புரவு வேண்டாம் அம்மா. புண்ணை உப்புநீரால் கழுவுவது தனி வேலை. கட்டு மாற்றும்போதெல்லாம் செய்வோம். உங்கள் தாளிலேயே அது வேறு வரியில் வரும். இரண்டையும் சுத்தம் என்றால், கத்தியோடு வருகிறவரைப் பார்த்ததும் “கழுவத்தானே சொன்னீங்க?” என்று கேட்பார்கள். கேட்பது நியாயமும்கூட.

வேம்பு எழுதியது:

பணிச்சூழலியல் ‘முடிந்துவிட்டது’ என்று எப்படிச் சொல்கிறீர்கள்? சூழலியல் என்பது உயிரினங்களும் சூழலும் பற்றிய துறைக்கு எப்போதோ போய்விட்ட சொல். முன்னால் ‘பணி’யைச் சேர்த்தால் நாற்காலி உயரம் வந்துவிடுமா?

சரி, இங்கே கேட்டதற்கு வருகிறேன். யாராவது ‘திசு’ என்று ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: அது ஆங்கில ஒலிக்கு மாட்டிய தமிழ்ச்சட்டை. இலங்கைப் பாடநூல்களில் இழையம் என்ற நல்ல சொல் இருக்கிறது. என் பரிந்துரை: சிதையிழையக் களைவு. களை பிடுங்குவதுபோல வேண்டாததை மட்டும் எடுப்பது என்ற பொருள் ‘களை’யில் இருக்கிறது. சுருக்கமாக வேண்டுமென்றால் ‘புண்களை’.

எருக்கு எழுதியது:

> சுருக்கமாக வேண்டுமென்றால் ‘புண்களை’

“மருத்துவர் உங்கள் புண்களை செய்வார்.” எழுதிப் பாருங்கள், இரண்டாம் வேற்றுமை வாசலிலேயே நிற்கிறது.

மூலத்தைப் பாருங்கள். இது பிரெஞ்சுச் சொல். ‘பிரீட்’ என்றால் குதிரையின் கடிவாளம். இறுகிப்போன சதையைக் கீறி இறுக்கத்தைத் தளர்த்துவதைத்தான் பழைய அறுவை மருத்துவர்கள் இப்படிக் கடிவாளம் கழற்றுவதாகச் சொன்னார்கள். செத்த சதை அப்புறம் வந்து ஒட்டிய பொருள். ஆகவே: கட்டவிழ்ப்பு.

நொச்சி எழுதியது:

கட்டவிழ்ப்பு என்று எழுதிக் கொடுத்தால் நோயாளி வீட்டில் உட்கார்ந்து கட்டைப் பிரித்துவிடுவார். தயவுசெய்து வேண்டாம்.

ஆல் எழுதியது:

அன்பர்களே, புண்ணைத் தைத்த கதை நம்மிடம் பழையது. பதிற்றுப்பத்தில் பரணர், குளத்தில் மூழ்கி எழும் சிரல் பறவைபோல் ஊசி சதைக்குள் போய் வந்ததைப் பாடுகிறார்: “சிரல்பெயர்ந் தன்ன நெடுவெள் ளூசி நெடுவசி பரந்த வடுவாழ் மார்பின்”. வள்ளுவரும் சுட்டபுண் ‘ஆறும்’ என்று விடாமல் ‘உள்ளாறும்’ என்கிறார். வடுவை வைத்தே தனி மடல் எழுதலாம், எழுதுவேன்.

கொன்றை சொல்லும் மஞ்சள் கசடுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் பாம்பு கழற்றிப்போடும் சட்டைக்கும் உரியது. நாம் அதை உரி என்போம். ஆகவே ‘புண்ணுரிப்பு’ பொருந்தும்.

நொச்சி எழுதியது:

ஐயா, தோலை உரிச்சிடுவேன் என்று மிரட்டுகிற ஊரில் இந்தத் தாளில் யார் கையெழுத்துப் போடுவார்?

எருக்கு எழுதியது:

புழுவை மறந்துவிட்டோம். ஒரு பச்சை ஈயின் புழுக்களை நுண்ணுயிர் நீக்கி வளர்த்துப் புண்ணில் விட்டால் செத்ததை மட்டும் கரைத்துத் தின்னும். 2004-இல் அமெரிக்காவில் அந்தப் புழுவுக்கு மருத்துவக் கருவி என்ற வகையில் அனுமதி கிடைத்தது. உயிருள்ள கருவி! நீங்கள் ஆக்கும் சொல் அதற்கும் பொருந்த வேண்டும்.

இன்னொன்று. காயம் என்பதே ‘காய்’தலிலிருந்து வந்தது என்பது என் எண்ணம். காய்ந்தால் ஆறும். அதனால் ஈரம், ஜெல் என்று எழுதும்போது வாசிப்பவர் மிரள்வார்.

நொச்சி எழுதியது:

உங்கள் வேர்ச்சொல் என்ன சொன்னாலும் தோல் கேட்காது. 1962-இல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளில் செய்த ஆய்விலேயே, மூடி ஈரமாக வைத்த காயத்தில் புதுத்தோல் விரைவாகப் படர்ந்தது தெரிந்துவிட்டது. காற்றாட விட்டுப் பொருக்குத் தட்டினால், தோல் அதற்கு அடியில் வழி தேடிப் போக வேண்டியிருக்கிறது.

கொன்றை எழுதியது:

நன்றி. ஆனால் இன்னும் சொல் கிடைக்கவில்லை. ‘சிதைதிசு நீக்கம்’ எப்படி? (வேம்பு ஐயா மன்னிக்க, திசுதான். பள்ளியில் அப்படிப் படித்தவர்கள்தான் இதை வாசிக்கப்போகிறார்கள்.)

ஆல் எழுதியது:

சிதைதிசு வினைத்தொகை. சிதைந்த, சிதைகின்ற, சிதையும் திசு என்று முக்காலமும் அடங்கும். இனிமேல் சிதையப்போவதையும் வெட்டிவிடுவார்களா?

நொச்சி எழுதியது:

ஐயா, உண்மையில் அதுதான் எங்கள் சிக்கலும். ஓரத்தில் கருஞ்சிவப்பாக ஒரு பகுதி இருக்கும். பிழைக்குமா சாகுமா என்று அன்றைக்குச் சொல்ல முடியாது. சில நாள் விட்டுப் பார்ப்போம். வினைத்தொகை இருக்கட்டும்.

ஆல் எழுதியது:

அப்படியானால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘நீக்கம்’ யாருடைய வேலை? நீங்குதல் தன்வினை, நீக்குதல் பிறவினை. மருத்துவர் வெட்டினால் நீக்கல். ஜெல்லுக்கு அடியில் தானே கழன்றால் நீங்கல். “மலையின் வீழருவி” என்று ஐந்தாம் வேற்றுமையில் படித்தோமே, அந்த நீங்கல். இரண்டு குழுவுக்கு இரண்டு சொல்லை இலக்கணமே கொடுத்திருக்கிறது.

எருக்கு எழுதியது:

அழகு. ஆனால் ஓர் எழுத்து பிசகினால் நோயாளி ஜெல்லுக்குப் பதில் கத்திக்குச் சம்மதித்திருப்பார். அச்சுப்பிழை இல்லாத தாளை நான் பார்த்ததில்லை.

கொன்றை எழுதியது:

அதனால்தான் நீக்கம். அதில் இரண்டும் அடங்கும். எப்படி நீங்குகிறது என்பதை அடைமொழி சொல்லட்டும்: ‘வெட்டி எடுக்கும் சிதைதிசு நீக்கம்’, ‘தானாகக் கரையும் சிதைதிசு நீக்கம்’. முதல் முறை வரும் இடத்தில் “புண்ணில் உள்ள செத்த சதையை எடுப்பது” என்று ஒரு வரி விளக்கமும் கொடுத்துவிடுகிறேன். மறுப்பு இருந்தால் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.

நொச்சி எழுதியது:

எனக்குச் சம்மதம். நோயாளியிடம் அந்த விளக்க வரியைத்தான் வாசித்துக் காட்டுவேன்.

எருக்கு எழுதியது:

கட்டவிழ்ப்புக்கு ஆள் இல்லாததால் சம்மதம்.

ஆல் எழுதியது:

சம்மதம், அரை மனதோடு. வடு பற்றிய மடல் தனியே வரும்.

வேம்பு எழுதியது:

நான்கு பேர் களைத்துப்போனதைப் பெரும்பான்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘விளக்க வரி’ இல்லாமல் நிற்காத சொல்லை எதற்கு ஆக்குவது? அந்த வரியிலேயே சதை இருக்கிறது; திசுவும் வேண்டாம், என் இழையமும் வேண்டாம், ‘செத்தசதை நீக்கம்’ என்றே போடலாமே? தாள் போகட்டும், என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். பணிச்சூழலியலுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.