சாடியில நிக்கிற ஜப்பான் மேப்பிள் இலை கருகிக் கொட்டுது. காப்பாத்த ஏலுமா?

ஹரோவளவு (ஜூலை நடுப்பகுதி):

எல்லாருக்கும் வணக்கம். லண்டன் ஹரோவில இருக்கிறம். பின்வளவில, கல்லுப் பதிச்ச இடத்தில, பெரிய நீலச் சாடி ஒண்டில ஜப்பான் மேப்பிள் நிக்குது. வகை பிளட்குட். அப்பா ஓய்வு பெற்றபோது அவரோட வேலை செய்தவை எல்லாரும் சேர்ந்து வாங்கிக் குடுத்தது. கடையிலேயே சாடிக்குள்ள வைச்சுத்தான் தந்தவை. மரம் இப்ப அப்பாவின்ர தோள் உயரம்.

ஏப்ரலில வடிவா, கடும் சிவப்பாத் துளிர்த்தது. மே கடைசியில இலை நுனி மண்ணிறமாக் காயத் தொடங்கி, ஜூனில இலையெல்லாம் உள்பக்கமாச் சுருண்டு, இப்ப பாதிக் கொப்பு மொட்டை. தண்ணி குறைவெண்டு நினைச்சு அப்பா ஒவ்வொரு பின்னேரமும் குழாயால விடுறார். மத்தியானத்துக்குப் பிறகு நல்ல வெயில் படுற இடம். மண்ணுக்கு மேல பச்சைப் பாசியும் ஓரத்தில வெள்ளைப் படிவும் இருக்குது. தக்காளிக்கு விடுற திரவ உரம் குடுக்கச் சொல்லி ஒருத்தர் சொன்னவர், இன்னும் குடுக்கேல்லை.

மரம் செத்துப் போச்சோ, உயிர் இருக்கோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? உரம் குடுக்கலாமோ? அப்பா ஒரு நாளைக்கு நாலு தரம் போய்ப் பாத்திட்டு வாறார், பாக்க மனம் கேக்குதில்லை.

செம்பருத்தி:

வணக்கங்க. நான் ரெடிங்ல இருக்கேன், எங்க வீட்லயும் ரெண்டு மேப்பிள் இருக்கு. எனக்கு இது வெயிலும் காத்தும் சேர்ந்து பண்ற வேலைன்னு தோணுது. ஜப்பான், கொரியா மலைக்காடுகள்ல பெரிய மரங்களுக்குக் கீழ நிழல்ல வளர்ற இனம் இது. இலை ரொம்ப மெல்லிசு. மத்தியான வெயில்ல கல் தரை வேற சூட்டைத் திருப்பி அடிக்கும். 2022 ஜூலைல லண்டன்ல 40 டிகிரி தாண்டின வாரத்துல எங்க தெருவுல இருந்த மேப்பிள் எல்லாமே நீங்க சொல்ற மாதிரிதான் நுனி கருகிச்சு, அடுத்த வசந்தத்துல நல்லாவே வந்துச்சு.

காலை வெயில் மட்டும் படுற கிழக்குப் பக்கம், காத்து நேரா அடிக்காத மூலையா பாத்து நகர்த்துங்க. உரம் வேண்டவே வேண்டாம். உயிர் இருக்கான்னு பாக்க, கிளையில நகத்தால லேசா சுரண்டிப் பாருங்க. தோலுக்கு அடியில பச்சையும் ஈரமும் இருந்தா உயிர் இருக்கு. காய்ஞ்ச பழுப்பா இருந்தா அந்த இடம் போயிடுச்சு. நுனியில ஆரம்பிச்சு கீழ கீழ வந்து பாக்கணும்.

கரையோரம்:

சில கொப்பு மட்டும் மொட்டை எண்டால் வேர்ட்டிசிலியம் எண்ட மண் பூஞ்சணத்தால வாற வாடல் நோயாயும் இருக்கலாம். எங்கட மரம் அதாலதான் போனது. அதுக்கு மருந்து இல்லை. முதல்ல அதைப் பாருங்கோ.

வேரும்விழுதும்:

தங்கச்சி, இண்டைக்குப் பின்னேரம் தண்ணி விட வேண்டாமெண்டு அப்பாட்டச் சொல்லுங்கோ. மிச்சத்தைப் பிறகு பாப்பம்.

நான் கன நாள் நாற்றுமேடையில வேலை செய்தவன். கருகின இலை சொல்லுறது ஒண்டே ஒண்டுதான்: இலைக்குத் தண்ணி வந்து சேரேல்லை. ஏன் சேரேல்லை எண்டதை இலை சொல்லாது. மண் காய்ஞ்சாலும் அப்பிடித்தான் இருக்கும், வேர் அழுகினாலும் அப்பிடித்தான் இருக்கும். தண்ணிக்குள்ள மூழ்கின வேருக்குக் காத்து இல்லை. காத்தில்லாத வேர் செத்துப்போகும், செத்த வேர் தண்ணி உறிஞ்சாது. அப்ப இலை வாடும். வாடுறதைக் கண்டு நாங்கள் இன்னும் தண்ணி விடுவம். சாடியில நிக்கிற மேப்பிள் கனக்க இப்பிடித்தான் போறது. ஒவ்வொரு நாளும் தண்ணி, மண்ணுக்கு மேல பாசி எண்டு நீங்கள் எழுதினதைப் பாத்தால் எனக்கு வேரிலதான் சந்தேகம். வெயில் அதோட கூடச் சேர்ந்திருக்கலாம்.

ஊகத்தில ஒண்டும் செய்ய வேண்டாம். இவ்வளவையும் பாத்து எழுதுங்கோ.

சமையலுக்குப் பாவிக்கிற நீட்டு மரக்குச்சி ஒண்டை மண்ணுக்குள்ள அடிவரை இறக்கி, கொஞ்ச நேரம் விட்டு எடுத்துப் பாருங்கோ. அடிப்பக்கம் ஈரமோ, என்ன மணம்? ரெண்டு பேர் சேர்ந்து சாடியைச் சரிச்சு அடி ஓட்டையைப் பாருங்கோ. எத்தினை ஓட்டை, திறந்திருக்கோ, சாடி நேரா கல்லில குந்தியிருக்கோ? அடிமரம் மண்ணுக்குள்ள போற இடத்தில வேர் விரிஞ்சு தெரியுதோ, இல்லை கம்பம் நட்ட மாதிரி நேரா இறங்குதோ? சாடியின்ர வாய் அகலமோ, வயிறு அகலமோ?

கரையோரம் சொன்ன வாடல் நோயையும் விட்டிட ஏலாது. செத்த கொப்பு ஒண்டைச் சரிவா வெட்டிப் பாருங்கோ. பட்டைக்கு உள்ள இருக்கிற மரத்தில கரும்பழுப்புக் கோடோ வளையமோ தெரிஞ்சால் அந்த நோய்க்கு வாய்ப்புக் கூட. வெட்டின கத்தரியைச் ஸ்பிரிட்டால துடைச்சிட்டு வையுங்கோ.

ஹரோவளவு:

நன்றி அண்ணா, நன்றி செம்பருத்தி அக்கா. எல்லாம் பாத்தாச்சு.

குச்சி பாதிக்குக் கீழ சொட்டச் சொட்ட ஈரம். அடைச்ச கழிவுநீர்க் கானின்ர மணம். சாடி நேரா கல்லிலதான் குந்தி நிண்டது. அடியில ஒரே ஒரு ஓட்டை, அதுக்கு உள்பக்கம் ஒரு துணி வைச்சிருக்கினம், அதில வேரும் களியும் சேர்ந்து அடைஞ்சு போச்சு. கம்பியால குத்தினதும் கறுப்புத் தண்ணி கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. அடிமரம் நேரா மண்ணுக்குள்ள இறங்குது, வேர் விரியிறது தெரியேல்லை. சாடிக்கு வயிறு பெரிசு, வாய் சின்னன்.

சுரண்டிப் பாத்ததில நுனிக் கொப்புகள் காய்ஞ்சு போச்சு, ஆனா அடிமரமும் மூண்டு பெரிய கொப்பும் நல்ல பச்சை. வெட்டின இடத்தில கோடு ஒண்டும் இல்லை, வெள்ளை மரம்தான். அப்பாவுக்கு அந்தப் பச்சையைக் கண்டதில பெரிய நிம்மதி. இப்ப சாடி மாத்தலாமோ?

செம்பருத்தி:

பச்சை இருக்குன்னு கேக்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா ஜூலைல சாடி மாத்தறது எனக்குப் பயமா இருக்குங்க. மேப்பிளுக்கு வேர் தொடுற வேலையெல்லாம் குளிர் முடியற நேரத்துல, மொட்டு விரியறதுக்கு முன்னாடி, ஃபெப்ரவரி மார்ச்லதான் பண்ணணும். இப்போ ஓட்டையைத் திறந்து விட்டு, செங்கல் மேல தூக்கி வச்சு, தண்ணியைக் குறைச்சு மார்ச் வரைக்கும் ஓட்டலாமே?

வேரும்விழுதும்:

நீங்கள் சொல்லுறது நல்ல நிலையில இருக்கிற மரத்துக்கு நூறு வீதம் சரி. நானும் அப்பிடித்தான் செய்வன். இது வேற கணக்கு. கான் மணம் வந்தால் உள்ள அழுகல் நடந்துகொண்டிருக்குது, மார்ச் வரைக்கும் அது பொறுக்காது. பாதி இலை ஏற்கெனவே கொட்டினதால மரம் இப்ப வெளியில விடுற ஈரமும் குறைவு. வேரை எடுத்துப் பாக்கிறதால வாற ஆபத்தை விட, அந்தக் களிக்குள்ள விட்டு வைக்கிறது பெரிய ஆபத்து. ஆனா வழமையான சாடி மாத்தம் மாதிரிச் செய்யக் கூடாது. நல்ல வேரில கை வைக்கக் கூடாது, செத்ததை மட்டும் எடுக்கவேணும்.

முதல்ல சாடியைச் செங்கல்லில தூக்கி, நிழலில, மழை படாமல் மூண்டு நாலு நாள் விடுங்கோ. மண் கொஞ்சம் இறுகிச் சுருங்கும். வயிறு பெருத்த சாடி எண்டதால மரம் முழுசா வெளியில வராது. பாண் வெட்டுற நீட்டுக் கத்தியைச் சுத்திவர இறக்கி மண்ணை அறுத்து எடுங்கோ. வரவே மாட்டன் எண்டால் சாடியை உடைக்கத்தான் வேணும். அதுவும் அன்பளிப்போட வந்தது, மனம் வராது, விளங்குது. சாடியோ மரமோ எண்டு வந்தால் மரம்தான்.

வெளியில எடுத்ததும் வேரைப் பாருங்கோ. வெளிறின நிறமா, அமத்தினால் இறுக்கமா இருக்கிறது உயிர் வேர். கறுத்து, இழுத்தால் தோல் கழண்டு வாறது செத்த வேர். செத்ததைச் சுத்தமான கத்தரியால வெட்டி எடுங்கோ. வெள்ளை உடம்பும் மண்ணிறத் தலையுமா வளைஞ்ச புழு கிடக்குதோ எண்டும் பாருங்கோ. அது வைன் வீவில் வண்டின்ர புழு, சாடி வேரைத் தின்னும்.

புதுச் சாடியில மிச்ச வேரைச் சுத்தி நாலு விரல் இடம் இருந்தால் போதும். பெரிய சாடி போட்டால் வேர் இல்லாத மண்ணில தண்ணி தேங்கி, திரும்ப இதே கதைதான். மினுக்குப் பூசாத மண்சாடி நல்லம், பக்கத்தாலயும் காயும். மண்ணுக்கு ஜோன் இன்னஸ் நம்பர் 2 (கடையில பையில விக்கிற சாடி மண் கலவை) ரெண்டு பங்கு, பொடி மரப்பட்டை ஒரு பங்கு, பெர்லைட்டோ (பாரமில்லாத வெள்ளைக் கல்லுத் துணிக்கை) பருமணலோ ஒரு பங்கு. அடியில கல்லு, ஓட்டுத்துண்டு ஒண்டும் போட வேண்டாம். பொடி மண்ணில நிக்கிற தண்ணி, மண் முழுக்க நனைஞ்சு நிரம்பும் வரைக்கும் கீழ இருக்கிற கல்லுக்கு இறங்காது. கல்லு போட்டால் ஈரப்பகுதி வேருக்குக் கிட்ட ஏறுமே தவிர வடியாது.

வேர் விரியத் தொடங்குற இடம் மண் மட்டத்தில தெரியவேணும். கடையில ஆழமா வைச்சிருக்கினம் போல. மேல் மண்ணை விரலால மெதுவா விலக்கிக்கொண்டு போனால் அந்த இடம் வரும்.

பிறகு உரம் இல்லை. வேர் இல்லாத மரத்துக்கு உரம் உப்புத்தான், இருக்கிற வேரையும் கருக்கும். மேல் மண் மூண்டு விரல்கடை காய்ஞ்சால் மட்டும் தண்ணி, விட்டால் அடியால வடியும் வரை விடுங்கோ. அந்த வெள்ளைப் படிவு லண்டன் குழாய்த் தண்ணியில இருக்கிற சுண்ணாம்பு. மேப்பிளுக்குக் கொஞ்சம் புளிப்பு மண்தான் பிடிக்கும். கூரைப் பீலியால வாற மழைத் தண்ணியைப் பீப்பாவில பிடிச்சால் அதை விடுங்கோ.

ஹரோவளவு (ஒரு கிழமைக்குப் பிறகு):

சாடி உடைக்காமல் எடுத்திட்டம். அப்பாதான் கத்தி விட்டு அறுத்தவர், நான் மரத்தைப் பிடிச்சனான். அடியில மூண்டில ஒரு பங்கு வேர் கறுத்துக் கூழாப் போச்சு. மேல் வேர் வெளிறின நிறம், இறுக்கம். புழு ஒண்டும் இல்லை. அடிமரம் ஒரு கை அகலம் மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடந்தது. இப்ப மண்சாடியில, கிழக்குப் பக்கச் சுவரோரம் நிக்குது. காய்ஞ்ச நுனியெல்லாம் வெட்டிவிடட்டோ?

வேரும்விழுதும்:

இப்ப வேண்டாம். மொட்டை மாதிரித் தெரியிற கொப்பிலயும் துளிர் வரலாம். எந்தக் கொப்பைச் சாகவிட்டது எண்டு மரமே காட்டட்டும்.

ஸ்காப்ரோ மாமா:

நான் கனடாவில. இஞ்ச எங்களுக்கு வேற பிரச்சினை, சாடி வேர் குளிரில உறைஞ்சு சாகும். நிலத்தில நிக்கிற மேப்பிள் தாங்குற குளிரைச் சாடியில நிக்கிறது தாங்காது, வேரைச் சுத்தி மண்ணின்ர சூடு இல்லை. இலை கொட்டினதும் சூடாக்காத கராஜுக்குள்ள வைச்சு, மண் முழுசாக் காயாமல் இடைக்கிடை கொஞ்சம் தண்ணி விடுவன். வீட்டுக்குள்ள சூட்டுக்குக் கொண்டு போக வேண்டாம், மரத்துக்குக் குளிர்கால உறக்கம் வேணும்.

வேரும்விழுதும்:

லண்டனுக்குக் கராஜ் தேவையில்லை. குளிரோட ஈரமும் சேர்ந்தால்தான் இஞ்ச ஆபத்து. வீட்டுச் சுவரோரம், சாடிக்குக் கால் வைச்சு, கடும் உறைபனி சொன்னால் சாடியைச் சுத்திக் குமிழ்ப் பிளாஸ்ரிக் சுத்திவிட்டால் போதும்.

ஹரோவளவு (ஓகஸ்ட் கடைசி):

அண்ணா, துளிர்த்திட்டுது! ரெண்டு பெரிய கொப்பில சிவப்பு மொட்டு விரிஞ்சு சின்ன இலை வந்திருக்கு. அதோட அடியில இருந்து ஒரு தடி வேகமா மேல வருது, இலை பச்சை. அப்பா அதைக் கண்டு நல்ல சந்தோசம். ஆனா ஏன் அது பச்சை?

வேரும்விழுதும்:

அந்தச் சந்தோசத்தைக் கெடுக்க மனமில்லை, எண்டாலும் வடிவாப் பாருங்கோ. பிளட்குட் மாதிரிப் பேர் வைச்ச வகைகளைப் பெரும்பாலும் சாதாரணப் பச்சை மேப்பிள் கன்றில ஒட்டுப் போட்டுத்தான் விக்கிறவை. அடிமரத்தில ஒரு வீக்கமோ, பட்டை நிறம் மாறுற கோடோ இருக்கும், அதுதான் ஒட்டு. தடி அதுக்குக் கீழ இருந்து வந்தால் அது அடிக்கன்றின்ர தளிர், விட்டால் மேல் மரத்தின்ர சத்தை இழுத்துக்கொண்டு போகும். மேல இருந்து வந்தால் உங்கட மரம்தான். நிழலில பிளட்குட் இலையும் பச்சை கலந்து வரும், அதால நிறத்தை மட்டும் நம்பாமல் இடத்தைப் பாருங்கோ.

ஹரோவளவு:

வீக்கத்துக்கு ரெண்டு விரல் கீழ.

வேரும்விழுதும்:

அப்ப அடியோட ஒட்டினபடி வெட்டி எடுங்கோ. மேல வந்த சிவப்பு இலை பிஞ்சு, முதல் உறைபனியில கருகலாம், அதுக்குப் பயப்பட வேண்டாம். செத்த கொப்புகளுக்கு இப்பவே நூல் கட்டி அடையாளம் வையுங்கோ, இலை கொட்டினாப் பிறகு எது உயிர், எது செத்தது எண்டு பிரிக்கிறது கரைச்சல். கிறிஸ்மசுக்கு முன்னம் பின்னமா, மரம் உறங்கேக்க வெட்டுங்கோ. வசந்தம் கிட்ட வெட்டினால் வெட்டின இடத்தால நீர் வடியும். உரம் வாற வருசம், முதல் இலை விரிஞ்சு முத்தினாப் பிறகு, பக்கற்றில போட்டிருக்கிற அளவில பாதி.

செம்பருத்தி:

அந்த நீலச் சாடியை என்ன பண்ணீங்க? தூக்கிப் போட்டுடாதீங்க. கவுத்து வச்சு, ஓடு துளைக்கிற ட்ரில் முனையால, ஹாமர் மோடு போடாம, தண்ணி ஊத்திக்கிட்டே அடியில இன்னும் மூணு ஓட்டை போடலாம். மரம் வேண்டாம், வருஷா வருஷம் எடுத்து மாத்தற பூச்செடி வைங்க.

ஹரோவளவு:

அப்பாட்டச் சொல்லிட்டன் அக்கா. சனிக்கிழமை ட்ரில் இரவல் வாங்கப் போறார்.