குழாய்ச் சட்டகப் பாறை வண்டி: ஏற்றத்தில் பின்பக்கம் துள்ளுகிறது, பிழை எங்கே?

கேள்வி: கொட்டகைப் பட்டறை (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில், லாசா போகும் சாலையை ஒட்டிய ஒரு செம்பனை ஆலையில் வெல்டராக வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நேரம் கிடைப்பதால், வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் 14 மாதங்களாகப் பாறை ஏறும் வண்டி ஒன்றைக் கட்டி வருகிறேன். முன்னும் பின்னும் பழைய ஹைலக்ஸின் முழு அச்சுகள், 2.4 லிட்டர் டீசல் இயந்திரம், 35 அங்குல டயர்கள். சட்டகம் முழுவதும் ஒன்றே முக்கால் அங்குல வெளிவிட்டமும் 3 மி.மீ. சுவரும் கொண்ட குழாய். பின்பக்கத்து இலை ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, அச்சைச் சட்டகத்தோடு பிணைக்கும் நான்கு தண்டுகளும், ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் ஒன்றாக உள்ள காயில்ஓவரும் போட்டிருக்கிறேன்.

தோட்ட மேலாளரிடம் அனுமதி பெற்று, தோட்டத்து எல்லையில் உள்ள கருங்கல் ஓடையில் சென்ற மாதம் ஓட்டிப் பார்த்தேன். சமதளத்தில் ஒரு குறையும் இல்லை. இடுப்பளவு உயரமுள்ள ஒரு பாறையில் ஏற்றியபோதுதான் கோளாறு தெரிந்தது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டியின் பின்பகுதி மெதுவாக மேலே எழும்புகிறது, டயர் வழுக்கியவுடன் தடாலென்று கீழே இறங்குகிறது, மறுபடியும் எழும்புகிறது. மூன்றாவது துள்ளலில், பின் அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டில் உள்ள சிலுவை இரண்டாக உடைந்துவிட்டது.

அளவுகளைத் தருகிறேன். அச்சுகளுக்கு இடையே 250 செ.மீ. பாரம் ஏறிய நிலையில் பின் அச்சின் மையம் தரையிலிருந்து 42 செ.மீ. கீழ்த்தண்டு அச்சில் 42 செ.மீ. உயரத்திலும் சட்டகத்தில் 58 செ.மீ. உயரத்திலும் பிடித்திருக்கிறது, கிடைமட்ட நீளம் 95 செ.மீ. மேல்தண்டு அச்சிலும் சட்டகத்திலும் ஒரே 62 செ.மீ. உயரம்; கிடைமட்ட நீளம் 80 செ.மீ. மேல்தண்டுகள் இரண்டும் அச்சின் நடுவில் நெருங்கியும் சட்டகத்தில் விரிந்தும் இருப்பதால், அவற்றுக்கு இடையே ஏறத்தாழ 44 டிகிரி கோணம் உள்ளது. மொத்த எடை 1,450 கிலோ.

நண்பர்கள் எல்லாரும் ஸ்பிரிங் மென்மையாக இருப்பதுதான் காரணம் என்கிறார்கள். ஒரு ஜோடி ஸ்பிரிங் வாங்குவது எனக்குச் சிறிய செலவன்று, ஆகவே தெரிந்தவர்களைக் கேட்டுவிட்டு வாங்கலாம் என்று நினைக்கிறேன். இன்னொரு கேள்வியும் உண்டு. ஆலையில் கொதிகலனிலிருந்து கழற்றிய பழைய குழாய்கள் குவிந்து கிடக்கின்றன. தலைக்கு மேலே வரும் கூண்டை அவற்றைக் கொண்டு கட்டலாமா?

பதில் 1: கிந்தாக்கரை (ஈப்போ)

தம்பிக்கு வணக்கம். அளவுகளை இவ்வளவு ஒழுங்காக எழுதியதற்கு முதலில் என் பாராட்டு. இவை இல்லாவிட்டால் நாங்கள் எல்லாரும் ஊகத்தில்தான் பேசியிருப்போம். ஸ்பிரிங் வாங்க வேண்டாம். கோளாறு தண்டுகள் நிற்கும் கோணத்தில் இருக்கிறது.

வண்டியைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பதுபோல் ஒரு பெரிய தாளில் வரையுங்கள். கீழ்த்தண்டின் கோட்டையும் மேல்தண்டின் கோட்டையும் முன்னோக்கி நீட்டினால் அவை ஓரிடத்தில் சந்திக்கும். உங்கள் அளவுகளின்படி அந்தப் புள்ளி பின் அச்சுக்கு 119 செ.மீ. முன்னால், 62 செ.மீ. உயரத்தில் விழுகிறது. பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து அந்தப் புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்து, முன் அச்சுக்கு நேர் மேலே கொண்டுபோங்கள். அங்கே அதன் உயரம் ஏறத்தாழ 130 செ.மீ. வண்டியின் ஈர்ப்பு மையம் 85 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், 130-ஐ 85-ஆல் வகுக்க 153 சதவீதம் வருகிறது. இதைத்தான் ஆண்டி-ஸ்குவாட் என்கிறோம்.

100 சதவீதம் என்றால், முடுக்கும்போது பின்பக்கம் அமுங்கவும் செய்யாது, எழும்பவும் செய்யாது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், ஒரு வடிவத்தை இன்னொன்றோடு ஒப்பிட இது போதுமான அளவுகோல். 150-ஐத் தாண்டும்போது, இயந்திரத்தின் விசை ஸ்பிரிங்கின் வழியாகப் போகாமல் தண்டுகளின் வழியாகவே உடம்பைத் தூக்கி, அச்சைக் கீழே அழுத்துகிறது. டயர் பிடிக்கும்வரை அது நன்மைபோல் தெரியும். பிடி நழுவிய கணத்தில் அந்த அழுத்தம் முழுவதும் மறைந்துவிடுவதால் உடம்பு கீழே விழுகிறது, விழுந்த வேகத்தில் டயர் மறுபடியும் பிடிக்கிறது. நீங்கள் கண்ட துள்ளல் இதுதான், சிலுவையை உடைத்ததும் இதுவே. கடினமான ஸ்பிரிங் போட்டால் துள்ளல் இன்னும் வேகமாகுமே தவிர நிற்காது.

தீர்வுக்குச் செலவு குறைவு. மேல்தண்டின் சட்டகப் பக்கத்துப் பிடியை வெட்டி எடுத்துவிட்டு, 6 மி.மீ. தகட்டில் மூன்று துளைகள் கொண்ட புதிய பிடியைப் பற்றவையுங்கள். துளைகள் 66, 70, 74 செ.மீ. உயரங்களில் இருக்கட்டும். முறையே 123, 92, 61 சதவீதம் கிடைக்கும். 4 செ.மீ. ஏற்றத்துக்கு ஏறத்தாழ 30 புள்ளிகள் குறைவதைக் கவனியுங்கள்; ஒரு கட்டைவிரல் நீளம்கூட இல்லாத இந்த இடைவெளி வண்டியின் குணத்தையே மாற்றிவிடுகிறது. அச்சில் இரண்டு தண்டுகளுக்கும் இடையே நீங்கள் விட்டிருக்கும் 20 செ.மீ. சரியானது, டயர் விட்டத்தில் கால் பங்கு என்ற கைக்கணக்குக்கு அருகில் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். 44 டிகிரியும் போதும்; 40-க்குக் கீழே போனால்தான் அச்சு இடவலமாக நகரத் தொடங்கும்.

ஒரு வேண்டுகோள். ஈர்ப்பு மையத்தை 85 என்று நான் எடுத்துக்கொண்டேன், நீங்கள் அளந்து பாருங்கள். குலை லோரிகளை நிறுக்கும் எடைமேடை உங்கள் ஆலையிலேயே இருக்கிறதே. அப்சோர்பர் அசையாதபடி இரும்புக் கம்பிகளால் பூட்டிவிட்டு, முன் அச்சை மட்டும் மேடையில் வைத்துச் சமநிலையில் ஒருமுறையும், பின் அச்சை 60 செ.மீ. உயர்த்தி இன்னொருமுறையும் நிறுத்துப் பாருங்கள். முன் அச்சில் கூடிய கிலோவை 250-ஆல் பெருக்கி, மொத்த எடையையும் 0.247-ஐயும் பெருக்கி வரும் தொகையால் வகுத்து, அதனோடு சக்கர மைய உயரமான 42-ஐக் கூட்டுங்கள். வருவதுதான் உங்கள் ஈர்ப்பு மையத்தின் உயரம்.

பதில் 2: நீராவி (பீடோர்)

நான் 22 ஆண்டுகள் செம்பனை ஆலைகளில் பிட்டராக இருந்தவன் என்பதால், கொதிகலன் குழாயைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வேண்டாம், தம்பி.

நம் ஆலைக் கொதிகலன்களில் நாரும் ஓடும்தான் எரிகின்றன. அந்தச் சாம்பலில் மணல்போன்ற சிலிக்கா மிகுதி. அது புகையோடு பறந்து, குழாயின் ஒரு பக்கத்தை மட்டும் உப்புத்தாள்போல் தேய்த்துக்கொண்டே இருக்கும். உள்ளே தண்ணீர் தன் பங்குக்கு அரித்திருக்கும். ஒருமுறை கழற்றிப்போட்ட குழாயில் ஒரு வளையத்தை அறுத்துக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கச் சுவர் 3.4 மி.மீ., எதிர்ப் பக்கம் 1.9 மி.மீ. வெளியே தடவிப் பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியவில்லை. வண்டி உருளும்போது உங்கள் தலைக்கும் பாறைக்கும் நடுவே அந்த 1.9 மி.மீ. பக்கம்தான் வந்து நிற்கும் என்றால் என்ன செய்வீர்கள்?

தண்ணீர்க் குழாயையும் தவிர்த்துவிடுங்கள். துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைக்கும் புகை காய்ச்சலைத் தரும் என்பது வெல்டரான உங்களுக்குத் தெரிந்ததே. பூச்சில்லாத ஒன்றரை அங்குல ஷெட்யூல் 40 குழாய் என்று கடையில் கேட்டால், அதன் வெளிவிட்டம் 48.3 மி.மீ., சுவர் 3.68 மி.மீ. மீட்டருக்கு 4 கிலோவுக்குச் சற்று மேல். நீங்கள் பயன்படுத்தும் குழாயோ மீட்டருக்கு 3.1 கிலோதான். கூண்டுக்கு 15 மீட்டர் போனால் 14 கிலோ கூடுதல், அதுவும் வண்டியின் உச்சியில்.

நீங்கள் தேடவேண்டியது வேறு. ஹைட்ராலிக் சிலிண்டர் பழுதுபார்க்கும் கடைகளில் எஸ்டி 52 என்ற கனத்த சுவருள்ள குழாய் கிடைக்கும். அதன் உறுதி வரம்பு, அதாவது நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம், 355 மெகாபாஸ்கல். சாதாரண நீராவிக் குழாயான ஏ106 கிரேடு பி-க்கு 240. பாறையில் வண்டியின் முழு எடையும் உட்கார்வது கீழ்த்தண்டின் நடுவில்தான், ஆகவே அதற்கு 6 மி.மீ. சுவருள்ள எஸ்டி 52 துண்டுகளை வாங்கிப் போடுங்கள்.

பதில் 3: ஏழாம் நம்பர் தோட்டம் (குளுவாங்)

முதல் பதிலை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதோடு முடியாது என்பது என் கருத்து. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மோவாப் மணற்பாறையில் ஓடும் வண்டிகளைப் பார்த்து நாம் கணக்குப் போடுகிறோம். அந்தப் பாறை காய்ந்தது, உப்புத்தாள்போல் பிடிக்கும். நம் மலையடிவாரத்துக் கருங்கல் ஆண்டு முழுவதும் பாசி பூத்து ஈரமாக இருக்கிறது. டயர் வழுக்காமல் இருக்காது. ஆகவே சக்கரம் எவ்வளவு மெதுவாகச் சுழல்கிறது என்பதுதான் துள்ளலைத் தீர்மானிக்கும்.

ஹைலக்ஸின் முதல் கியர் விகிதம் சுமார் 4, முன்பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் பெட்டியின் லோ கியர் 2.28, அச்சு 4.1. மூன்றையும் பெருக்கினால் 37. இயந்திரம் 800 சுற்றில் ஓடினாலும் வண்டி மணிக்கு 3.5 கிலோமீட்டர் வேகத்தில் பாறையைத் தள்ளும். அதைக் குறைக்கக் கிளட்சை அரைகுறையாக மிதிப்பீர்கள், அந்த விட்டுவிட்டு வரும் இழுவையே துள்ளலைத் தொடங்கிவைக்கும். இன்னொரு டிரான்ஸ்பர் பெட்டியை வரிசையில் சேர்த்தால் விகிதம் 85 ஆகும், வேகம் மணிக்கு 1.5 கிலோமீட்டராகக் குறையும். பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் ஹாப்-கட் கடையில் பழைய பெட்டி கிடைக்கும். டயரில் காற்றையும் 12 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கிப் பாருங்கள்.

கொட்டகைப் பட்டறை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கொதிகலன் குழாய் எண்ணத்தை விட்டுவிட்டேன். அறுத்த வளையம் ஒன்றை நானும் ஆலையில் அளந்தேன், ஒரு பக்கம் 2.2 மி.மீ.தான் இருந்தது.

எடைமேடையில் முன் அச்சில் 60 கிலோ கூடியது. கணக்குப் போட்டால் ஈர்ப்பு மையம் 84 செ.மீ. ஐயா சொன்ன 85-லிருந்து ஒரு செ.மீ. மட்டுமே வேறுபாடு, ஆனால் எங்கள் மேடை 10 கிலோ படியில்தான் காட்டும் என்பதால், 7 செ.மீ. வரை முன்பின் இருக்கலாம் என்று வைத்துக்கொள்கிறேன்.

மூன்று துளைப் பிடியைச் செய்து, சட்டகக் குழாய்கள் மூன்று கூடும் முடிச்சின்மேலேயே வைத்து, உலர்த்திய 7018 கம்பியால் பற்றவைத்தேன். நேற்று அதே பாறை. 66-இல் எழும்பல் குறைந்தது, ஆனால் துள்ளல் இருந்தது. 70-இல் பின்பக்கம் அசையாமல் நின்று, டயர் பாசியை மெல்லத் துடைத்துக்கொண்டே ஏறியது. நான்கு முறை ஏற்றினேன், ஒருமுறைகூடத் துள்ளவில்லை. 74-இல் வண்டி பின்னால் உட்கார்ந்து முன்சக்கரம் இலேசாகிவிட்டது, அது எனக்குப் பிடிக்கவில்லை. 70-இலேயே நிறுத்திவிட்டேன். குளுவாங் அண்ணன் சொன்னதும் உண்மைதான்: கிளட்சைத் தொட்டால் நடுக்கம் இன்னும் தெரிகிறது. இரண்டாவது பெட்டிக்குப் பணம் சேர்க்கத் தொடங்கிவிட்டேன்.

பதில் 4: கிந்தாக்கரை (ஈப்போ)

மிக்க மகிழ்ச்சி, தம்பி. 70-இல் பூட்டும் முன் அச்சை முழுவதும் தொங்கவிட்டு, டிரைவ் ஷாஃப்ட் மூட்டு எங்கும் முட்டவில்லை என்று கையால் சுழற்றிப் பாருங்கள். மேல்தண்டு அரை செ.மீ.கூட நீளவில்லை என்றாலும், மரையைத் திருகிப் பினியன் கோணத்தை, அதாவது டிரைவ் ஷாஃப்ட் அச்சில் சேரும் இடத்தின் சாய்வை, பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

முன்பக்கத்துக்கும் தண்டுகள் போடப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே மூன்று தண்டும், அச்சு இடவலமாக நகராமல் பிடிக்கும் ஒரு பானார்ட் கம்பியும் போதும். பானார்ட் கம்பி ஸ்டீரிங் இழுதண்டுக்கு இணையாகவும் ஏறத்தாழ அதே நீளமாகவும் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ஸ்டீரிங் தானாகத் திரும்பும்.

இந்த வண்டியைச் சாலையில் ஓட்டவேண்டாம். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் பதிவில்லாத வண்டி அது. லோரியில் ஏற்றிக்கொண்டு போங்கள். தோட்ட எல்லையைத் தாண்டினால் நிலைத்த காப்புக்காடு, அங்கே வனத்துறையின் அனுமதி வேண்டும். ஓடைகளின் மேற்பகுதியில் தெமியார் மக்களின் கிராமங்கள் இருக்கின்றன, அவர்களும் அந்தத் தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொருமுறையும் புறப்படும் முன் கியர் பெட்டியிலும் அச்சிலும் எண்ணெய் கசிகிறதா என்று கீழே படுத்துப் பாருங்கள், கசிந்தால் அன்றைக்கு ஓடையில் இறக்காதீர்கள்.