ராபிட் ஓடையில் முதல் தங்கத்தைக் கண்டது யார்? டாசன் நகரப் பெண்களைப் பற்றிய வரலாற்றுப் புனைவு குறித்து ஒரு விவாதம்

ஆற்றுமணல்:
ஏட்டுச்சுவடி நேற்று எழுதியதைப் படித்தது முதல் என் மனம் ஆறவில்லை. கனடாவின் யூகான் பகுதியில் நடந்த க்ளோண்டைக் தங்க வேட்டையைக் களமாகக் கொண்டு நாவல் எழுதுவோர், 1896 ஆகஸ்டில் ராபிட் ஓடையில் முதல் தங்கத்தைக் கண்டவள் டாகிஷ் பூர்வகுடிப் பெண் கேட் கார்மாக் என்று எழுதினால் அது புனைவின் போர்வையில் சொல்லப்படும் பொய் என்கிறார். கேட்டின் கணவர் ஜார்ஜ் கார்மாக், தானே கண்டதாகச் சொன்னார். கேட்டின் உடன்பிறந்த ஸ்கூக்கம் ஜிம்மின் தரப்பு, ஜார்ஜ் உறங்கிக்கொண்டிருந்தபோது ஜிம்தான் கண்டார் என்றது. ஓடையில் பாத்திரம் கழுவச் சென்ற கேட்டின் கண்ணில்தான் அது முதலில் பட்டது என்பது மூன்றாவது கூற்று. மூன்றுமே வாய்மொழிதான். ஆண்கள் சொன்னவை இரண்டும் வரலாறு, பெண்ணைப் பற்றியது மட்டும் பொய் என்பது எந்த ஊர் நியாயம்?

ஏட்டுச்சுவடி:
ஆற்றுமணல் அவர்களே, நான் நியாயம் பேசவில்லை, ஆதாரம் பேசுகிறேன். கேட் அன்று அந்த ஓடைக்கரையில் இருந்தாளா என்பதே ஐயத்துக்குரியது. அவள் மீன்பிடி முகாமிலேயே தங்கிவிட்டாள் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. இருந்தாளா என்றே உறுதியாகாத ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தி, அவள் கையில் தங்கத்தைக் கொடுப்பது வாசகரை ஏமாற்றும் வேலை. அந்தத் தங்க வேட்டையில் முளைத்த டாசன் நகரில் பெண்களின் கதைக்கா பஞ்சம்? பெலிண்டா மல்ரூனி 1897இல் துணியும் வெந்நீர்ப் பைகளும் கொண்டுவந்து பல மடங்கு லாபத்துக்கு விற்றார். அடுத்த ஆண்டே ஃபேர்வியூ ஹோட்டலைத் திறந்தார். அவரை எழுதுங்கள்.

ஆற்றுமணல்:
பெலிண்டாவை யார் வேண்டாம் என்றார்கள்? நான் கேட்டது கேட்டைப் பற்றி. ஆதாரம் என்று நீங்கள் நம்பும் தங்க நிலப் பதிவேடு எப்படி உருவானது என்று பாருங்கள். கண்டுபிடித்தவருக்கு இரண்டு பங்கு நிலமும் மற்றவர்களுக்கு ஒவ்வொரு பங்கும் என்பது அன்றைய விதி. பூர்வகுடி ஒருவரைக் கண்டுபிடித்தவராக அதிகாரிகள் ஏற்க மாட்டார்கள் என்று ஜிம்மிடம் சொல்லி, அந்த இரண்டு பங்கையும் ஜார்ஜ் தன் பெயரில் பதிந்துகொண்டதாக ஜிம்மின் தரப்பு சொன்னது. ஜிம்முக்கு ஒன்று, அவர்களுடன் இருந்த உறவினர் டாசன் சார்லிக்கு ஒன்று. கேட்டின் பெயரில் ஓர் அடி நிலம்கூட இல்லை. இத்தனைக்கும் அந்தக் குளிர்காலத்தில் சுரங்கக்காரர்களுக்குத் துணி துவைத்தும் மொக்கசின் என்ற தோல் காலணிகள் தைத்தும் பணம் ஈட்டியவள் அவள். அவளை விட்டுவிட்டு எழுதிய ஏட்டைக் காட்டி, அவள் அங்கே இல்லை என்று நிறுவ முயல்கிறீர்கள்.

வெண்பனி:
நீங்கள் இருவரும் ஒரு துண்டுத் தங்கத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். க்ளோண்டைக் ஆற்றின் முகத்துவாரத்தில் மீன் பிடித்து வாழ்ந்த ட்ரோண்டெக் ஹ்வெச்சின் என்ற பூர்வகுடி மக்கள், டாசன் நகரம் முளைத்ததும் தலைவர் ஐசக்கின் வழிகாட்டலில் மூஸ்ஹைடு என்ற இடத்துக்கு இடம்பெயர நேர்ந்தது. அந்தப் பெண்களைப் பற்றி இங்கே ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. 1898இல் கருவுற்ற நிலையில் சில்கூட் கணவாயைக் கடந்து, டாசனில் ஒரு மரக் குடிலில் பிள்ளை பெற்ற மார்த்தா பர்டியையும் காணோம். பிற்காலத்தில் மார்த்தா பிளாக் என்ற பெயரில், 1935இல் கனடா நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர்.

ஆற்றுமணல்:
வெண்பனி, மூஸ்ஹைடைப் பற்றிப் பேச எனக்கும் விருப்பம் உண்டு, தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். இங்கே கேள்வி கேட்டைப் பற்றியது. அவள் டாகிஷ் பெண். அவள் கதையை அண்டைக் குடியினரின் கதைக்குள் கரைத்துவிடாதீர்கள்.

வெண்பனி:
யாரும் எதையும் கரைக்கவில்லை. எந்தப் பெண்ணைப் பற்றிப் பேசலாம் என்பதற்கு நீங்கள் அனுமதிச் சீட்டு வழங்க வேண்டியதில்லை.

ஏட்டுச்சுவடி:
ஆற்றுமணல் எப்போதும் இப்படித்தான். கலிஃபோர்னியா தங்க வேட்டை பற்றிய இழையிலும் ஆதாரம் கேட்டவர்களைப் பெண்களின் எதிரிகள் என்றார். அதற்கு இன்றுவரை வருத்தம் தெரிவிக்கவில்லை. மீண்டும் சொல்கிறேன்: கேட் முகாமில் இருந்திருந்தால், நீங்கள் ஆதரிக்கும் அந்த நாவலின் முதல் அத்தியாயமே நிற்காது.

ஆற்றுமணல்:
கலிஃபோர்னியா இழையில் நான் சொன்னதிலிருந்து ஒரு சொல்லையும் திரும்பப் பெற மாட்டேன். இருந்திருந்தால், இருந்திருந்தால் என்று எத்தனை முறை எழுதினாலும் அது ஊகம்தான். ஜார்ஜ் 1900இல் கேட்டைக் கைவிட்டு மார்கரீட் லைமி என்ற வேறொரு பெண்ணை மணந்தார். கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடர்ந்த கேட், முறைப்படி திருமணம் நடந்ததற்குச் சான்று காட்ட இயலாமல் வெறுங்கையுடன் நின்றாள். பிறகு யூகானில் உள்ள கார்கிராஸ் ஊருக்குத் திரும்பி, ஜிம் கட்டித் தந்த குடிலில் வாழ்ந்து 1920இல் இறந்தாள். மனைவியாக வாழ்ந்ததற்கே சான்று கேட்ட உலகம் அது. அவள் தங்கத்தைக் கண்டதற்கு முத்திரை குத்திய காகிதம் எங்கிருந்து வரும்? ஏட்டில் இடம் கிடைக்காத பெண்ணுக்கு இடம் கொடுக்கத்தானே வரலாற்றுப் புனைவு எழுதப்படுகிறது?

ஏட்டுச்சுவடி:
அவளுக்கு இழைக்கப்பட்ட அநீதியை நான் மறுக்கவே இல்லை. எழுதுவதானால் 1900இல் தொடங்கி அந்த வழக்கை எழுதட்டும், நானே முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன். அநீதி நடந்தது என்பதால் அவள் தங்கத்தைக் கண்டாள் என்று ஆகிவிடாது. ஓடைக்கரையில் இருந்தாளா, முகாமில் இருந்தாளா? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

ஆற்றுமணல்:
அவள் ஓடைக்கரையில் இருந்தாள் என்பதே அவளுடைய மக்களிடையே வழங்கும் செய்தி, அதையே நானும் நம்புகிறேன். நீங்கள் எத்தனை முறை கேட்டாலும் இதைத்தான் எழுதுவேன்.