சிப்பிப்பாறை நாய்க்குட்டி: வீட்டுக்குள் சமர்த்து, வெளியே போனால் கூப்பிட்டாலும் வருவதில்லை

தாமிரபரணிக்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இருக்கிறோம். தெரு முழுக்க நெருக்கமாக வீடுகள், பின்பக்கம் மட்டும் கொஞ்சம் காலியிடம் உண்டு, அதில் பக்கத்து வீட்டு அத்தையின் கோழிகள் மேயும். மாமா ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த சிப்பிப்பாறைக் கடுவன் ஒன்று வளர்க்கிறோம், ஏழு மாதம் ஆகிறது. வீட்டுக்குள் உட்கார் என்றால் உட்காருவான், கை கொடுப்பான், சோற்றுத் தட்டு வைத்தால் சொல்லும்வரை தொட மாட்டான். வாசலைத் தாண்டினால் வேறு நாய் ஆகிவிடுகிறான். பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொண்டு ஓடுகிறான், கோழி கண்ணில் பட்டால் அவ்வளவுதான். ஒரு கோழி செத்து, அதற்குக் காசு கொடுத்தாயிற்று. தெருக்கோடியில் நின்று நம்மைப் பார்ப்பான், கூப்பிட்டால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவான். பிடித்துவிட்டால் அப்பா ரெண்டு அடி போடுவார். பகலெல்லாம் சங்கிலியில் கட்டிப்போடு, ராத்திரி மட்டும் அவிழ்த்துவிடு என்பது அவர் முடிவு. கருத்தடை செய்தால் அடங்கிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள், நண்பன் ஒருவன் ஷாக் அடிக்கும் காலர் வாங்கு என்கிறான். எதைச் செய்வது?

நாலுகால் தோழி எழுதியது:

முதலில் பெல்ட் விஷயம், இது இன்றைக்கே சரி செய்ய வேண்டியது. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி மெலிந்த ஓட்ட நாய்களுக்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே பருமன். சாதாரண பெல்ட் தலைவழியாகக் கழன்றுவிடும், அதற்காக இறுக்கினால் மூச்சுதான் முட்டும். மார்ட்டிங்கேல் காலர் என்று கேட்டு வாங்குங்கள். சும்மா இருக்கும்போது தளர்வாக இருக்கும், பின்னால் இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும், கழுத்தை நெரிக்காது. அகலமான பட்டையாக இருந்தால் நல்லது, இந்த இனத்துக்குத் தோல் மெல்லியது. கொஞ்ச நாளைக்கு அதோடு நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸையும் போட்டு இரண்டையும் பிடித்துக்கொண்டு நடங்கள், ஒன்று கழன்றாலும் இன்னொன்று இருக்கும்.

அடுத்து, கூப்பிட்டால் வராதது. அப்பா ஏன் அடிக்கிறார் என்று நமக்குத் தெரியும், நாய்க்குத் தெரியாது. கோழியைத் துரத்தி எவ்வளவோ நேரம் ஆகியிருக்கும், கடைசியாக அவன் செய்தது உங்கள் கைக்குக் கிடைத்தது, அடி அதற்குத்தான் என்று எடுத்துக்கொள்கிறான். ‘வா’ என்ற சொல் அவனுக்கு இப்போது கெட்ட செய்தி. அதை விட்டுவிட்டு ஒரு விசில் வாங்குங்கள். முதலில் வீட்டுக்குள்ளேயே, விசில் ஊதியதும் வேகவைத்த கோழி ஈரலில் ஒரு துண்டு. பக்கத்தில் வேறு வேடிக்கை எதுவும் இருக்கக் கூடாது. விசில் கேட்டதும் தலையைத் திருப்பிக்கொண்டு ஓடிவருகிறான் என்று ஆன பிறகு திண்ணை, அப்புறம் மாடி, அப்புறம்தான் காலியிடம். அங்கே பத்து மீட்டர் நீளக் கயிறு கட்டி விடுங்கள். கழுத்தில் கட்டாதீர்கள், ஹார்னஸில் கட்டுங்கள். இவன் எடுத்த எடுப்பில் முழு வேகம் பிடிப்பான், கயிறு முடியும் இடத்தில் கழுத்து வெட்டி இழுத்தால் ஆபத்து. உங்கள் கையிலும் கயிற்றைச் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. வெளியே நாம் நாயைக் கூப்பிடுவது பெரும்பாலும் வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும்தான். அதனால் வந்தால் ஆட்டம் முடிந்தது என்று அது கணக்குப் போட்டுவிடுகிறது. கூப்பிடுங்கள், ஈரல் கொடுங்கள், மறுபடி மோப்பம் பிடிக்கப் போ என்று விட்டுவிடுங்கள். பத்து தடவை கூப்பிட்டால் ஒரு தடவைதான் வீட்டுக்கு. தப்பி ஓடிவிட்டால் பின்னால் ஓடாதீர்கள், துரத்துவது அவனுக்கு விளையாட்டு. எதிர்ப்பக்கம் நீங்கள் ஓடுங்கள், இல்லையென்றால் குந்தி உட்கார்ந்து தரையில் எதையோ தேடுவது போலக் கிளறுங்கள். என்னவென்று பார்க்க வருவான்.

கரிசக்காட்டு ஆள் எழுதியது:

தம்பி, நான் கோவில்பட்டிப் பக்கம். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து இந்த நாய்தான். ஈரல், விசில் எல்லாம் சரிதான், ஆனால் அடிப்படையில் இது ஓட்டத்துக்குப் பிறந்த நாய். அதிகாலையில் அறுப்பு முடிந்த காட்டில் நாலு முயலுக்குப் பின்னால் ஓடவிட்டால் பகலெல்லாம் சாக்கை விரித்துப்போட்ட இடத்தில் பூனை மாதிரி கிடக்கும். நெருக்கமான தெருவில் கட்டிவைத்து வளர்க்கிற நாய் இல்லை இது. பகல் முழுக்கச் சங்கிலியில் கிடந்த நாய்தான் பிறகு வருவோர் போவோரைக் கடிக்கும், அப்பாவிடம் அதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். விலா எலும்பு ரெண்டு மூன்று தெரிவது இதற்கு இயல்பு, சாப்பாடு போடவில்லை என்று ஊரார் சொல்வதைக் கேட்டு உடம்பைத் தேற்றிவிடாதீர்கள். எங்கள் பக்கம் கம்மஞ்சோறும் கேப்பைக் கூழும் மோரும்தான், வாரத்தில் கொஞ்சம் கறி.

நாலுகால் தோழி எழுதியது:

அண்ணே, ஓட்டம் வேண்டும் என்பதிலும் சங்கிலி கூடாது என்பதிலும் எனக்கும் உங்களுக்கும் ஒரே பேச்சு. முயல் மட்டும் வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், வனத்துறை பிடித்தால் இந்தத் தம்பிதான் பதில் சொல்ல வேண்டும். அதோடு, துரத்திப் பிடிப்பதில் ருசி கண்ட நாயை வைத்துக்கொண்டு பக்கத்தில் கோழி வளர்க்கும் அத்தையோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது? சுற்றுச்சுவர் உள்ள இடம் ஏதாவது, தெரிந்தவர் தோப்போ கல்யாண மண்டப வளாகமோ, கேட்டு வாங்கி அங்கே ஓடவிடலாம். ஒரு கம்பில் கயிறு கட்டி நுனியில் பழைய துணியை முடிந்து தரையோடு இழுத்தால் உயிரைக் கொடுத்து ஓடுவான், துரத்தும் ஆசையும் தீரும்.

தம்பி, கோழி விஷயத்தில் நாயை மட்டும் திருத்திவிடலாம் என்று நம்பாதீர்கள். கோழி மேல் அவனுக்குக் கோபம் எதுவும் இல்லை, எது படபடவென்று ஓடினாலும் கண் அதன் பின்னால் போகும், உடம்பும் போகும். அதனால் முதல் வேலை வேலி. அத்தையிடம் பேசி, ஆளுக்குப் பாதிச் செலவில் ஒரு வலை கட்டிவிடுங்கள். பழக்குவது அதற்கு மேல். கோழி தெரிய வேண்டும், ஆனால் கையில் உள்ள ஈரலை வாங்கித் தின்னும் அளவுக்கு அவன் நிதானத்தில் இருக்க வேண்டும், அந்தத் தூரத்தில் நின்று பழக்குங்கள். ஈரலைக் கண்டுகொள்ளாமல் உடம்பு விறைத்து நின்றால் நீங்கள் ரொம்பக் கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தம், பின்வாங்குங்கள். இவ்வளவு செய்தாலும் திறந்த வெளியில், சாலைப் பக்கம், இவனைக் கயிறில்லாமல் விடவே கூடாது. என்ன பழக்கினாலும் இந்த இனத்தில் அந்த நம்பிக்கை எனக்கு இல்லை.

ஷாக் காலர் வேண்டவே வேண்டாம். வலி வரும் நேரத்தில் கண்ணெதிரே எது இருக்கிறதோ அதோடு அந்த வலியை நாய் முடிச்சுப் போட்டுவிடும். அந்த நேரம் பார்த்து ஒரு குழந்தை எதிரே நின்றால் என்ன ஆகும் என்று நண்பரிடம் கேளுங்கள். கருத்தடையால் பெட்டையைத் தேடி ஊர் சுற்றுவதும் கண்ட இடத்தில் காலைத் தூக்குவதும் குறையலாம், கோழி துரத்துவது குறையாது. அப்புறம், நாயை நியாயமில்லாத நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம் என்றே இருக்கிறது. அப்பாவுக்குச் சட்டம் பேசுகிறவர்களைப் பிடிக்கும் என்றால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

மருந்துச்சீட்டு எழுதியது:

கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். யாரும் ஊசி பற்றிக் கேட்கவே இல்லையே? மாமா கொடுத்த குட்டி என்றால் பெரும்பாலும் ஊசி அட்டை இருக்காது. மூன்று மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், போடவில்லை என்றால் நாளைக்கே கூட்டிப் போங்கள், அப்புறம் வருடம் தவறாமல் போட வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கான ஊசியும் கேளுங்கள், முதல்முறை என்றால் ஒன்று போட்டு மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொன்று போடச் சொல்வார்கள். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை.

உண்ணியைக் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தேடுங்கள், முதுகில் மட்டும் பார்த்தால் போதாது. சாப்பிடாமல் சுருண்டு படுத்து, ஈறு வெளுத்துப்போய் உடம்பு சுட்டால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். வீட்டில் இருக்கிற காய்ச்சல் மாத்திரையை ஒடித்துக் கொடுக்காதீர்கள், ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுவாருங்கள். வெங்காயம் கிடக்கும் சாம்பார்ச் சோறும் வேண்டாம், வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். திருநெல்வேலி வெயிலில் நடைக்கு விடிகாலைதான் தோது. புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பாருங்கள், ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் அவன் பாதமும் தாங்காது.

கருத்தடைக்குப் போனால் இது சிப்பிப்பாறை என்று டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொழுப்பில்லாத இந்த மாதிரி ஓட்ட நாய்கள் தயோபென்டோன் போன்ற சில பழைய மயக்க மருந்துகளிலிருந்து தெளிய வெகுநேரம் எடுக்கும், வேறு மருந்து தேர்ந்தெடுப்பார்கள்.

யாரையாவது கடித்தாலோ பல் கீறினாலோ, ஊசி போட்ட நாய்தானே என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், மஞ்சளோ மிளகாய்ப்பொடியோ வைக்கக் கூடாது, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே ஊசி இலவசம்.

தாமிரபரணிக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஊசி அட்டை இல்லை, மாமாவிடம் கேட்டால் சிரிக்கிறார். நாளைக்கே கூட்டிப் போகிறேன். வலைக்கு அத்தை சம்மதித்துவிட்டார்கள், அவர்கள் பங்குக் காசை மட்டும் நாங்களே போட்டுக்கொள்ள வேண்டுமாம், போகட்டும். அப்பாதான் இன்னும், அடி இல்லாமல் பயம் எப்படி வரும் என்கிறார். இன்னொன்று, பார்சல் கொண்டுவருகிற பையன்கள் வந்தால் கதவிடுக்கில் மூக்கை விட்டுக் குரைத்துத் தள்ளுகிறான், கதவைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

நாலுகால் தோழி எழுதியது:

அப்பாவையே காலையில் சோறு வைக்கச் சொல்லுங்கள், விசிலையும் அவர் கையில் கொடுங்கள். தான் ஊதி நாய் ஓடிவருவதை நாலு நாள் பார்த்தால் அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

வாசலுக்கு: மணி அடித்ததும் அவன் போய்ப் படுக்க உள்ளே ஒரு மூலையில் பாய் போடுங்கள். வீட்டு ஆளையே வெளியே அனுப்பி மணி அடிக்கச் சொல்லி, அவன் பாய்க்குப் போனால் மட்டும் ஈரல். இது பழகச் சில வாரம் பிடிக்கும், அதுவரை பார்சல் வந்தால் அவனை அறைக்குள் விட்டுத் தாழ்போட்டுவிட்டுத்தான் வாசலைத் திறக்க வேண்டும். கேட்டில் நாய் இருக்கிறது என்று ஒரு பலகையும் மாட்டிவிடுங்கள்.